உம்லங்காவில் ஒரு தென்னிந்திய உணவகம்: சமையலும் சம்பளமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே, உம்லங்கா கடற்கரையை ஒட்டி நடந்துவரும் இந்தத் தென்னிந்திய உணவகத்தின் சமையலுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன். அது நடத்தப்படும் விதத்துக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது என்பதால் தனித்தனியாகவே எழுதுகிறேன். உணவகத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அங்கே வேலை செய்பவர்கள் சிலரே. பெயர் வெளியே வந்தால், என்னிடம் பேசியவர் யார் என்பதை மேலாளர் அன்று மாலைக்குள் தெரிந்துகொள்வார். நான் சிறு வணிகர்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். இந்த உணவகத்தின் கணக்கு என்னிடம் இல்லை. ஆனாலும் தொழில் பழக்கத்தால், தட்டில் வருவதைப் பார்க்கும்போதே அதைக் கொண்டுவருபவர் காலையில் எத்தனை மணிக்கு வந்திருப்பார் என்ற கணக்கும் எனக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது.

முதலில் சாப்பாடு. தோசைக்கு அரிசியும் உளுந்தும் இங்கேயே கிரைண்டரில் அரைக்கிறார்கள். டர்பனின் ஈரக் காற்றில் மாவு விரைவாகப் புளித்துவிடும் என்பதை உணர்ந்து, வெயில் காலத்தில் அளவைக் குறைத்து அடிக்கடி அரைக்கிறார்கள். விளிம்பு மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் வரும் அந்தத் தோசையை இந்த மாகாணத்தில் வேறெங்கும் நான் இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டதில்லை. சாம்பாரில் வெல்லம் கொட்டாமல், பருப்பின் சுவை தெரியும்படி வைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பண்டங்களோடு இந்த ஊர்த் தமிழர்களின் சமையலும் பட்டியலில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. உருளைக்கிழங்கு போட்டுச் சிவக்கச் சிவக்க வைத்த ஆட்டுக்கறி, பீன்ஸ் கறி நிரப்பிய கால் ரொட்டி பனி சாவ், புளி சேர்த்த மீன் குழம்பு ஆகியவற்றை ஒதுக்கிவைக்காமல் தோசைக்குச் சமமாக மதித்துச் சமைக்கிறார்கள். விலை மலிவு இல்லை. மசாலா தோசை ஏறக்குறைய 100 ரேண்ட்.

ஆனால் இவ்வளவு புகழ்ச்சியும் செவ்வாய்க்கிழமை மதியத்துக்குத்தான் பொருந்தும். வெள்ளி இரவிலும் ஞாயிறு மதியத்திலும் இதே உணவகம் வேறாகிவிடுகிறது. தோசை நடுவில் வேகாமல் வருகிறது. சட்னியில் தாளிப்பு இல்லை. கேட்ட தண்ணீர் வருவதற்குள் சாப்பாடு முடிந்துவிடுகிறது. கேட்காத வடை வந்து பில்லில் ஏறுகிறது. மற்றவர்கள் எழுதிய மதிப்புரைகளிலும் இந்த ஏற்ற இறக்கம் தெரிகிறது. ஒருவர் வானளாவப் புகழ்கிறார், அடுத்தவர் பணம் வீண் என்கிறார், இருவரும் உண்மையையே சொல்கிறார்கள். சமையல்காரர் மாறிவிட்டாரோ என்று சிலர் ஐயப்படுகிறார்கள். சமையல்காரர் மாறவில்லை. அவர் ஒருவரே என்பதுதான் சிக்கல்.

தோசைக் கல்லின் முன் நிற்கும் மாஸ்டர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். காலையில் மாவு அரைப்பது முதல் இரவு கடைசித் தோசை வரை அவர் கையாலேயே ஆக வேண்டும். மாற்று ஆள் இல்லை. மேசைகள் நிரம்பியிருக்கும் நேரத்திலேயே ஊபர் ஈட்ஸ், மிஸ்டர் டி வழியாக வரும் ஆர்டர்களையும் நிறுத்தாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். உள்ளே ஒரே கல். வெளியே தலைக்கவசத்தோடு வரிசையில் நிற்கும் டெலிவரி ஓட்டுநர்கள். ஒரு முறை பில் கட்டிவிட்டு வெளியே வந்தபோது, பின்வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்த அவரிடம் தோசையைப் பற்றிக் குறை சொல்லாமல் நலம் மட்டும் விசாரித்தேன். “வெள்ளிக்கிழமை வராதீங்க சார். செவ்வாய், புதன்ல வாங்க, நல்லா ஊத்தித் தரேன்,” என்றார். தன் வேலையின் தரம் என்றைக்குக் குறைகிறது என்பதை அவரைவிடத் துல்லியமாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. அதை அவரிடம் கேட்பவரும் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரத்தைச் சாதாரண வேலை நேரத்தின் உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் செய்யும் வேலை, தொழிலாளி ஒப்புக்கொண்டால் மட்டும், வாரத்துக்கு 10 மணி நேரத்தைத் தாண்டாமல், ஒன்றரை மடங்கு கூலியோடு இருக்க வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் 12 மணி நேரமும், வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து 36 மணி நேரமும் ஓய்வு உண்டு. இரவு பதினொன்றுக்குக் கல்லைத் துடைத்து வைத்துவிட்டுக் காலை எட்டுக்கு உளுந்து ஊறவைக்க வருபவருக்கு அந்த 12 மணி நேரம் கிடைக்கவில்லை என்பதைக் கண்டறியக் கணக்கு எழுதுபவர் தேவையில்லை. வேலையிடத்து வளாகத்திலேயே தங்கியிருப்பவருக்கு, நடுவில் குறைந்தது 3 மணி நேர உணவு இடைவேளை கொடுத்து, எழுத்துமூல உடன்பாடும் செய்துகொண்டால் அந்த ஓய்வை 10 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் விலக்கு அளிக்கிறது. உணவகத்தின் பின்னறையில் மாஸ்டரைத் தங்கவைப்பவர்கள் இந்த விலக்கின் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவரின் பொது வேலை விசா ஒரு குறிப்பிட்ட முதலாளியிடம் வேலை செய்வதற்காகவே தரப்படுகிறது. அடுத்த தெருவில் உள்ள உணவகம் இரண்டு மடங்கு சம்பளம் தர முன்வந்தாலும் அவர் நினைத்தபடி மாறிவிட முடியாது. விசாவை மீண்டும் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முதலாளி கொடியவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தொழிலாளி போய்விட மாட்டார் என்ற நிச்சயம் ஒன்றே போதும்; இரண்டாவது மாஸ்டரைத் தேடும் வேலை மாதக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். வேலைச் சட்டங்களின் பாதுகாப்பு வெளிநாட்டவருக்கும் உண்டு என்பதை இந்நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் 2008லேயே தெளிவுபடுத்திவிட்டது. முறையான அனுமதி இல்லாத ஒருவரைப் பற்றிய வழக்கிலேயே அப்படித் தீர்ப்பு வந்தது. அனுமதியோடு வந்து அடுப்படியில் நிற்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்பவர் யாரும் இல்லை.

இனி, பரிமாறுபவர்கள். இவர்களில் பெரும்பாலோர் டர்பனின் புறநகர்களான குவாமாஷுவிலிருந்தும் இனாண்டாவிலிருந்தும் வரும் ஜூலு மொழி பேசும் இளைஞர்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் உள்ள வேறுபாட்டையும், எந்தப் பண்டத்தில் வெங்காயம் இல்லை என்பதையும் கற்றுக்கொண்டு பொறுமையாக விளக்குபவர்கள். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் புதிய முகங்களாகவே இருக்கின்றன. ஏன் என்பது, அங்கிருந்து விலகிய ஒருவர் தம் சம்பளச் சீட்டை என்னிடம் காட்டி, கணக்குச் சரிதானா என்று கேட்டபோதுதான் விளங்கியது.

சரியில்லை. முதலாவதாக, வேலை செய்த மணி நேரம் அந்தச் சீட்டில் எங்கும் இல்லை. நேரத்தைக் குறிக்காமல் மொத்தத் தொகை மட்டும் எழுதப்பட்டிருந்தது. இரண்டாவதாக, அட்டை இயந்திரத்தின் வழியே வாடிக்கையாளர்கள் கொடுத்த டிப்ஸ் சம்பளத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டு, அதையும் கூட்டித்தான் குறைந்தபட்ச ஊதியம் எட்டப்பட்டிருந்தது. தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2019 ஜனவரி 1 அன்று மணிக்கு 20 ரேண்ட் என்று தொடங்கியது. 2025 மார்ச் 1 அன்று அது 28.79 ரேண்ட் ஆனது. வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வைத்தால் 1,295 ரேண்ட் 55 சென்ட். மாதத்துக்கு ஏறக்குறைய 5,600 ரேண்ட். டிப்ஸ், அன்பளிப்பு, போக்குவரத்துப் படி, சாப்பாடு, தங்குமிடம் ஆகிய எதையும் இந்தத் தொகைக்குள் அடக்கக் கூடாது என்று அந்தச் சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆக, மேசையில் மனமுவந்து நான் விட்டுவந்த 30 ரேண்ட் அந்த இளைஞருக்குக் கூடுதலாகச் சேரவில்லை. முதலாளி கொடுக்க வேண்டிய கூலியில் 30 ரேண்டைக் குறைக்கத்தான் பயன்பட்டிருக்கிறது. எட்டுப் பேருக்கு மேல் வந்தால் பில்லில் தானாக ஏறும் 10 சதவீதச் சேவைக் கட்டணம் யாருக்குப் போகிறது என்பதற்கும் அந்தச் சீட்டில் விடை கிடைக்கவில்லை.

மூன்றாவது ஒரு வரி இருந்தது: உடைசல் பிடித்தம். யார் உடைத்தார், என்ன உடைந்தது என்ற விவரம் இல்லாமல், மாதந்தோறும் எல்லோரிடமும் ஒரே தொகை. இதைவிடக் கொடுமையாக, பணம் கொடுக்காமல் நழுவிப்போகும் வாடிக்கையாளரின் பில்லும் அந்த மேசைக்குப் பரிமாறியவரின் தலையில் விழுகிறது. சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அது அந்தத் தொழிலாளியின் தவறால் நேர்ந்திருக்க வேண்டும், தம் பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தரப்பட்டிருக்க வேண்டும், அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், உண்மையான இழப்பைத் தாண்டக் கூடாது, மொத்தப் பிடித்தமும் ஊதியத்தில் கால் பங்கை மிஞ்சக் கூடாது என்பவை அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் விதிக்கும் வரம்புகள். வேலை தருவதற்காகவோ ஷிஃப்ட் ஒதுக்குவதற்காகவோ தொழிலாளியிடம் பணம் வாங்குவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. வாசலில் ஆள் வைக்காமல், 20 மேசைகளை இரண்டு பேரிடம் விட்டுவிட்டு, நழுவியவருக்குப் பதிலாகப் பரிமாறியவரிடம் வசூலிப்பது மேலாண்மை ஆகாது.

இது ஒரு கடையின் கதை மட்டும் இல்லை. 2024 செப்டம்பரில், பிரிட்டோரியாவின் மென்லின் பகுதியில் உள்ள ஓர் உணவகத்தின் ஊழியர்கள் பற்றிய புகார்கள் சமூக ஊடகங்களில் பரவியதைத் தொடர்ந்து, வேலைவாய்ப்பு, தொழிலாளர் துறையின் ஆய்வாளர்கள் பல உணவகங்களுக்குள் நுழைந்து சம்பளப் பதிவேடுகளைக் கேட்டார்கள். அடிப்படைச் சம்பளம் இல்லாமல் டிப்ஸை மட்டும் நம்பி வேலை, உடைசலுக்குப் பிடித்தம் என்று அப்போது பேசப்பட்டவை, நான் பார்த்த சீட்டில் இருந்தவற்றின் உடன்பிறப்புகளே. அந்தப் பரபரப்பு சில வாரங்களில் அடங்கிவிட்டது. அதற்கு முன், 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் வந்தபோதும் உணவகத் தொழிலின் உள்நிலை வெளியே தெரிந்தது. வேலையிழப்புக் காப்பீட்டு நிதிக்குத் தொழிலாளி 1 சதவீதமும் முதலாளி 1 சதவீதமும் கட்ட வேண்டும். தங்கள் பெயர் அதில் பதிவாகவே இல்லை என்பதைப் பலர், உதவித்தொகை கேட்டுப் போனபோதுதான் அறிந்தார்கள்.

இதை நம்மவர்கள் நடத்தும் கடையில் பார்ப்பது எனக்குக் கூடுதலான வருத்தம் தருகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் துறைமுகத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களுக்கு முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். சோறும் இருப்பிடமும் அந்த ஒப்பந்தத்தின் பகுதி. முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லை. பின்னர் அவர்களுடைய வழிவந்தவர்களில் எத்தனையோ பேர் டர்பன் கடற்கரை ஓட்டல்களில் வெள்ளைச் சட்டை போட்டுப் பரிமாறி, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். உணவகத்தின் உரிமையாளர் குடும்பமும் அப்படி வந்ததுதான். சுவரில் மாட்டியிருக்கும் பழைய புகைப்படங்களைக் காட்டி அவரே பெருமையோடு சொல்வார். அந்தப் புகைப்படங்களுக்குக் கீழே நின்று பரிமாறும் இளைஞருக்கு மசாலா தோசை ஒன்றின் விலை, 2025இன் குறைந்தபட்ச ஊதியம் முழுமையாகக் கிடைத்தாலும், ஏறக்குறைய மூன்றரை மணி நேர உழைப்பு.

இரவுப் போக்குவரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடை பத்தரைக்கு மூடினாலும் தரை துடைத்து, கல்லா சரிபார்த்து வெளியேறப் பதினொன்றரை ஆகிறது. அந்நேரம் மினிபஸ் டாக்ஸிகள் அரிதாகிவிடும். கிடைத்தாலும் இறங்குமிடத்திலிருந்து வீடுவரை இருட்டில் நடக்க வேண்டும். மாலை 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடைப்பட்ட வேலையைச் சட்டம் இரவு வேலை என்கிறது. அதற்குப் படியோ வேலை நேரக் குறைப்போ தர வேண்டும் என்பதோடு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போக்குவரத்து கிடைப்பதையும் முதலாளி உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. இங்கே அப்படி ஏற்பாடு எதுவும் இல்லை. ஒன்பது மணிக்கு மேல் பரிமாறுபவர்களின் கவனம் நம் மேசையில் நிலைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள், அவர்களுடைய கண் அடிக்கடி கடிகாரத்துக்குப் போவதன் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும். பெண்களில் சிலர் செலவைப் பகிர்ந்து வாடகைக் கார் பிடிக்கிறார்கள். அன்றைய டிப்ஸில் பெரும்பகுதி அதற்கே போய்விடுகிறது.

வேலைநேரப் பட்டியல் முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் வருகிறது. கூட்டம் குறைவாக இருந்தால் வந்தவரை இரண்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கே கூலி போடுகிறார்கள். குறைந்த ஊதியம் பெறுபவர் வேலைக்கு வந்துவிட்டால், 4 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தாலும் 4 மணி நேரக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். மேற்பார்வையாளர் உரிமையாளரின் உறவினர். சமையலறையில் அவர் போடும் கூச்சல் ஐந்தாவது மேசைவரை கேட்கிறது. குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம் அதைக் கேட்டு முகம் சுளித்துப் பாதியில் எழுந்து போனதை நான் பார்த்தேன்.

உரிமையாளரின் பக்கத்தையும் நான் அறியாதவன் இல்லை. உம்லங்காவில் வாடகை அதிகம். மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய ஜெனரேட்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் கடன் கட்ட வேண்டும். டெலிவரி நிறுவனங்கள் ஒவ்வொரு ஆர்டரிலும் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கின்றன. விற்பனையில் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி போகிறது. உணவகத் தொழிலில் லாபம் மெல்லியது என்பது உண்மை. ஆனால் புதிய ஆளைச் சேர்த்துப் பழக்குவதற்குள் தவறிப்போகும் ஆர்டர்கள், திருப்பி அனுப்பப்படும் தட்டுகள், திரும்பி வராத குடும்பங்கள் ஆகியவற்றையும் செலவுக் கணக்கில் எழுத வேண்டும். அவை எந்தப் பில்லிலும் வருவதில்லை என்பதால் யாரும் எழுதுவதில்லை. தோசைக்கு இரண்டாவது ஆளை இங்கேயே, குவாமாஷுவிலிருந்து வரும் இளைஞர்களிலிருந்தே, ஆறு மாதத்தில் பழக்கிவிடலாம். அதற்கு விசாவும் வேண்டாம், விமானச் சீட்டும் வேண்டாம்.

இவர்களால் ஒழுங்காக நடத்த முடியாது என்று நான் நம்பவில்லை. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல புரட்டாசி மாதம் முழுவதும் புலால் உண்பதில்லை. அந்த மாதத்தில் இந்த உணவகம் சைவத்துக்குத் தனிக் கல், தனி எண்ணெய், தனிக் கரண்டி, அவற்றைத் தொடுவதற்கென்று தனி ஆள் என்று வைத்து, வாசலிலேயே எழுதிப் போட்டு, ஒரு நாளும் பிசகாமல் நடத்துகிறது. அந்த மாதம் ஆர்டர்கள் குழம்புவதில்லை. கூடுதல் ஆட்கள் போடப்படுகிறார்கள். மேற்பார்வையாளரின் கூச்சல்கூடக் குறைந்துவிடுகிறது. தவறு நேர்ந்தால் வாடிக்கையாளர் மன்னிக்க மாட்டார் என்ற எண்ணம் இருக்கும்போது எல்லாம் நடக்கிறது. தொழிலாளியின் ஓய்வு நேரத்தையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

டர்பனின் இன்னொரு பகுதியான சாட்ஸ்வொர்த்தில் ஒரு சிறிய பார்சல் கடை இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மூடிவிடுகிறார்கள், திங்கட்கிழமை விடுமுறை, டிப்ஸுக்கு ஒரே டப்பா, அதை இரவு எல்லோர் முன்னாலும் கொட்டிப் பிரிக்கிறார்கள். நான் அறிந்த காலம் முழுவதும் அதே மூன்று பேர்தான் அங்கே வேலை செய்கிறார்கள். பனி சாவ் என்றைக்குப் போனாலும் ஒரே சுவை.

உம்லங்கா உணவகத்துக்குப் போக விரும்புபவர்கள் வார நாளின் மதியத்தில் போங்கள். தோசையும் மீன் குழம்பும் கேளுங்கள். டிப்ஸை அட்டையில் போடாமல் பணமாக, பரிமாறியவரின் கையில் கொடுங்கள். கடை மூடும் நேரத்தில் போய் உட்காராதீர்கள். வேலை செய்பவர்கள் இதைப் படித்தால், தினமும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். வேலையை விட்டு அநியாயமாக நீக்கினால் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. ஆணையத்தில் 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும், 7.11 என்ற படிவத்தைக் கொடுப்பதற்குக் கட்டணம் கிடையாது.

இவற்றையெல்லாம் உரிமையாளருக்கும் கடிதமாக எழுதினேன். உடைசல் பிடித்தத்தை நிறுத்திவிட்டதாகப் பதில் அனுப்பினார். அங்கே வேலை செய்பவர் ஒருவர் அதை உறுதிப்படுத்தினார். டிப்ஸ் பற்றிய கேள்விக்குப் பதில் இல்லை. இரவு வண்டி ஏற்பாட்டை விசாரித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறார். அது ஓடத் தொடங்கினால் மேலே கொடுத்த ஒன்றரை மதிப்பெண்ணைத் திருத்தி எழுதுவேன்.